பதிவு எண் இல்லாத காது

வன்னியபெருமாள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். விசாரணைக்கு வருகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. அதனால் பாலிசி போடச் சொல்ல வந்தவர் என்றே விஜிலா முதலில் நினைத்தாள்.

“விஜிலாங்கறது நீங்கதானம்மா?”

“ஆமா சார்.”

“மாவட்டச் சுகாதார ஆபீஸ்ல இருந்து வர்றேன். உங்க மேல ஒரு புகார்.”

உள் அறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே விஜிலாவின் அண்ணன் மனைவி அனுஜா உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள், புகார் என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து குசினி வழியாகப் பின்வாசலுக்கு நடந்துவிட்டாள். வன்னியபெருமாள் அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“லைசென்ஸ் இல்லாம மனநல வைத்தியம் பாக்கறீங்கன்னு யாரோ பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்காங்க. அவங்க விசாரிக்கச் சொல்லி எங்களுக்கு அனுப்பிட்டாங்க.”

“வைத்தியமெல்லாம் இல்ல சார். இந்தத் தெருப் பொம்பளைங்க வருவாங்க, பேசுவாங்க. நான் கேப்பேன்.”

“வாசல்ல எம்.எஸ்ஸி. சைக்காலஜி, மனநல ஆலோசனைன்னு போர்டு இருக்கே?”

“படிச்சிருக்கேன் சார்.”

“எங்க?”

“அரசுப் பல்கலைக்கழகம்தான். தபால்ல.”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “இப்ப அந்தப் படிப்பைத் தபால்ல நடத்தவே கூடாதுன்னு நிறுத்திட்டாங்களே, தெரியுமில்ல?”

“தெரியும் சார். முன்ன முடிச்சவங்களுக்குப் பட்டம் செல்லும். ஆனா அதை வச்சு யாரையும் பாக்க முடியாது. அதான் நேர்லயே போய் ரெண்டு வருஷப் பயிற்சி படிக்க எழுதியிருக்கேன். பரீட்சை பாஸ் பண்ணிட்டேன். இந்தத் திங்க விட்டு அடுத்த திங்கக்கிழமை இன்டர்வியூ.”

“சிக்கலே அங்கதாம்மா. சீட்டு குடுக்கறதுக்கு முன்னாடி என் ரிப்போர்ட் வரணும்னு கேக்கறாங்க. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க கூடிப் பேசினாங்கன்னு நான் எழுதினா ஒண்ணும் இல்ல. ‘நான் அந்தம்மாகிட்ட வைத்தியத்துக்குப் போனேன்’னு யாராவது வந்து வாக்குமூலம் குடுத்துட்டா, அதை நான் மறைக்க முடியாது.”

“அப்படிக் குடுத்தா?”

“சீட்டு போயிரும்.”

அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். எட்டயபுரம் பக்கத்துக்காரர், கடலோர வெக்கை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டு, செருப்பைத் தட்டி மணலை உதறி மாட்டிக்கொண்டு போனார்.

விஜிலா பின்வாசலை எட்டிப் பார்த்தாள். அனுஜா போய்விட்டிருந்தாள்.

யார்?

திரேஸ்புரத்துக் கடலோரத்தில் அது நெருக்கமான தெரு. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் என்ன மீன் என்று நாலாவது வீட்டில் சொல்லிவிடுவார்கள். அந்தத் தெருவில் இருந்துகொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டது யார்?

விஜிலா படித்த படிப்பு, தண்ணீரைக் காட்டாமலே நீச்சல் சொல்லிக்கொடுத்த படிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுவாள். பெரிய ஹாலில் படம் காட்டிப் பாடம் நடத்துவார்கள். மனச்சோர்வுக்கு இன்னின்ன அறிகுறி, பதற்றத்துக்கு இன்னின்ன அறிகுறி. உயிரோடு ஒரு மனுஷியைக் கொண்டுவந்து முன்னால் உட்காரவைத்து, இவளிடம் எப்படிப் பேசுவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பிறகுதான் தெரிந்தது, நோயாளியின் எதிரே உட்காரும் உரிமை அதில் இல்லை என்று. அதற்கு ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் ஒருவருடைய கண்பார்வையில் இருந்து படிக்க வேண்டும். அப்புறம்தான் பதிவு எண். அந்தப் படிப்புக்கு இடங்கள் கைவிரலில் எண்ணக்கூடியவை. தெற்குச் சீமை முழுக்க அதற்குப் போட்டி. இரண்டு முறை எழுதித் தோற்று, இந்த முறைதான் விஜிலாவின் பெயர் பட்டியலில் வந்திருந்தது.

அதற்குள்ளாகவே பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கடலில் மகனைக் கொடுத்துவிட்டுத் தூங்காமல் கிடந்த ஒருத்தி முதலில் வந்தாள். அவள் தூங்குகிறாள் என்று தெரிந்ததும் அடுத்தவள் வந்தாள். காசு கிடையாது. கணவாய் மீன் மலிந்த நாளில் யாராவது ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். விஜிலா அவர்களிடம் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுவாள்: இங்கே சொன்னது இந்த அறையைத் தாண்டாது, என் வீட்டுக்காரருக்கும் போகாது.

அதைத்தான் தெரு நம்பவில்லை.

அடுத்த நாள் காலையில் இடியாப்பம் வாங்கப் போனபோது மரியசெல்வி அதை முகத்துக்கு நேரே சொன்னாள். மரியசெல்வி தன் வீட்டு முற்றத்திலேயே அடுப்பு மூட்டி இடியாப்பம் விற்கிறவள். அவளுடைய மருமகள் கொஞ்ச நாள் விஜிலாவிடம் வந்துபோனாள். அப்புறம் புருஷனைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டாள். சந்தேகப் பட்டியலில் மரியசெல்விக்குத்தான் முதலிடம்.

“என்னளா, ஆபீசர் வந்தாராமே?”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெருவுக்குள்ள பேண்டு போட்டு ஒருத்தன் வந்தா தெரியாதா? என் மேல சந்தேகப்படுதியோ? கண்ணே அப்படித்தான் இருக்கு.”

“நான் ஒண்ணுஞ் சொல்லலியே, மாமி.”

“சொல்லாண்டாம். எனக்கு ஒம் மேல வயித்தெரிச்சல் உண்டுமா, உண்டும். எம் மருமகளுக்கு என்னத்த ஓதுனியோ, தெக்கூர்ல வீடு பாத்துப் போயிட்டா. ஆனா போன் போட்டுச் சொல்லுத ஆள் நான் இல்ல. சொல்லணும்னா ஒன் வாசல்ல நின்னு நாலு பேரு கேக்கச் சொல்லுவேன். என் தொண்டைக்கு எதுக்குளா போனு?”

அது உண்மைதான் என்று விஜிலாவுக்கே தோன்றியது.

“ஆனா ஒண்ணு கேளு,” என்று மரியசெல்வி அச்சைப் பிழிந்துகொண்டே சொன்னாள். “நாங்க பாதர்ட்டப் போயி பாவசங்கீர்த்தனம் சொல்லுதோம். ஏன்? அவருக்குப் பொண்டாட்டி கெடையாது. சொன்னது அவரோட போச்சு. ஒனக்குப் புருசன் இருக்காம்லா? ராத்திரி ஒரே பாய்லதான படுக்கே? அவன்ட்ட சொல்லலன்னா எவ நம்புவா?”

“சத்தியமாச் சொல்லல மாமி.”

“நான் நம்புதேன்,” என்றாள் மரியசெல்வி, துளிகூட நம்பாத குரலில். “தேங்காப்பூ வைக்கவா?”

விஜிலாவின் கணவன் டெரன்ஸ் சங்கு குளிக்கிறவன். இந்தக் கரையில் முத்துக் குளித்த காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்குள் போகிறவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவனுடைய மனைவியின் அண்ணனோ தம்பியோவாகத்தான் இருக்க வேண்டும். கூடப் பிறந்தவள் தாலி இழக்கக் கூடாது என்று நினைக்கிறவன் கையில்தான் குளிக்கிறவனின் உயிரைக் கொடுப்பார்கள். இப்போது கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிக் குதிப்பதில்லை. வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடுகிறது; அதிலிருந்து நீண்ட டியூப் வழியாகக் காற்று கீழே போகிறது. இடுப்பில் ஈயப் பட்டியைக் கட்டிக்கொண்டு, டியூபைப் பல்லில் கடித்துக்கொண்டு, கடல் தரையில் நடந்து சங்கு பொறுக்குகிறார்கள். டியூப் மடங்காமல், சிக்காமல், அளந்து விட்டுக்கொண்டே இருக்க மேலே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இன்றைக்கும் மச்சான்தான்.

டெரன்சுக்கு டியூப் பிடிப்பது விஜிலாவின் அண்ணன் ஃபிராங்க்ளின். அனுஜாவின் கணவன்.

புகாரைப் பற்றி விஜிலா அன்றைக்கே டெரன்சிடம் சொல்லியிருந்தாள். கடலிலிருந்து வந்து, உப்புப் போகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்திருந்தான். கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே, “போர்டை எடுத்துரு,” என்றான்.

“எடுத்துட்டேன்.”

“இன்டர்வியூக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?”

“தெரியல.”

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான். மறுபடியும், “இன்டர்வியூக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்? அது வேற, இது வேறல்லா?” என்றான்.

“ரெண்டும் ஒண்ணுதான்னு ஆபீசர் சொல்லுதாரு.”

டெரன்ஸ் பாதிச் சோற்றோடு கையைக் கழுவிவிட்டான். அவனுக்குத் தன் மேல் இவ்வளவு கரிசனமா என்று விஜிலா நினைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் மேற்கேயிருந்து கச்சான் காற்று விடாமல் அடித்தது. கடல் கலங்கிப் பழுப்பாகக் கிடந்தது. கலங்கல் தண்ணீரில் சங்கு தெரியாது என்பதால் வள்ளங்கள் கரையிலேயே நின்றன. ஆண்கள் வீட்டில் இருந்தார்கள். ஒரு பெண்ணும் விஜிலாவைத் தேடி வரவில்லை. குழாயடியில் அவளைக் கண்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஃபிராங்க்ளின் ஒருநாள் எதிரே வந்தான். “என்னண்ணே, வீட்டுப் பக்கமே காணும்?” என்றாள். “ஒன் வீட்டுக்குத்தான் ஆள் தவறாம வந்துக்கிட்டு இருக்குதே,” என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனான்.

அவனாக இருக்குமோ? கூடப் பிறந்த அண்ணன்! இல்லை, அனுஜாவேதானோ? சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டுப் பின்னால் பயந்துபோய், வாயை அடைக்க இப்படி ஒரு வழி செய்தாளோ? தன்னிடம் அழுதவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் விஜிலா சந்தேகப்பட்டாள். அவர்கள் சொன்ன ரகசியங்களை வைத்தே அவர்களைச் சந்தேகப்படுகிறோம் என்று உறைத்தபோது, அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

வியாழக்கிழமை வன்னியபெருமாளின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் டீ வரவழைத்தார்.

“புகார் குடுத்தவர் பேர் சொல்லல. சொன்னா நானும் உங்களுக்குச் சொல்லக்கூடாது. என்ன சொன்னாருங்கறதைப் படிக்கறேன். ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லுங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுறாங்க.”

“ஆமா சார்.”

“பேச்சு வெளிய கேக்காம இருக்க ஃபேனை முழுசா வைக்கறாங்க.”

“ஆமா.”

“புதன், சனி. சில நாள் மத்தியானம் தாண்டியும் கதவு திறக்கறதில்ல.” அவர் நிறுத்தி, மீசையைத் தடவினார். “அடுத்தது எங்க டிபார்ட்மென்டுக்குச் சம்பந்தமில்லாதது. ஆனாலும் சொன்னதை அப்படியே எழுதியிருக்காங்க. ‘விடியக் கருக்கல்ல கடலுக்குப் போய்ட்டு வந்த வீட்டுக்காரருக்குச் சோறு போட ஆளில்ல. அவரே சட்டியத் திறந்து பாத்தா, விளமீன் கொழம்புல ஒரு துண்டு இல்ல. முள்ளுதான் கெடக்கு. மீனையெல்லாம் பேச வந்தவளுக்குப் போட்டாச்சு.’”

விஜிலாவின் கையில் டீ டம்ளர் அப்படியே நின்றது.

“உண்மையாம்மா?”

“உண்மைதான் சார்,” என்றாள். “மூணு துண்டு இருந்தது. எங்க மதினி காலையில இருந்து சாப்பிடல.”

அன்றைக்கு மாலை வீட்டில் ஒரு கனம். விஜிலா சந்தைக்குப் போனாள். விளமீன் வாங்கி வந்து குழம்பு வைத்தாள். குசினியில் தரையில் டெரன்ஸ் உட்கார்ந்ததும், சட்டியோடு கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

“முள்ளு இல்ல. தொறந்து பாத்துக்கிட்டுச் சாப்பிடுங்க.”

டெரன்ஸ் சட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சம்மணத்தைக் கலைத்து, சுவரில் சாய்ந்துகொண்டான்.

“போர்டை எறக்கச் சொல்லுவாங்க, அம்புட்டுத்தான்னு நெனச்சேன்,” என்றான் கடைசியில். “நீ படிக்கப் போறதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது விஜி. நீ மேசையில வச்சிருந்த காயிதத்துலதான் அந்த நம்பர் கெடந்துச்சு. அடிச்சேன். ஒரு பொண்ணு எடுத்தா. பேரு வேண்டாம் அண்ணே, வெவரம் மட்டும் சொல்லுங்கன்னா. நல்லாக் கேட்டா. உம் கொட்டி உம் கொட்டிக் கேட்டா. சொல்லிட்டே போனேன்.”

“மீன் கொழம்பு வரைக்கும்?”

“அது தானா வந்துட்டு.”

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

“ஏன்?” என்றாள்.

அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “அனுஜா ஒன்ட்ட வாரா. நீ கதவச் சாத்துத. அது மச்சானுக்குத் தெரியும். அவ ஒன்ட்ட என்ன சொன்னாலும் நீ என்ட்டச் சொல்லியிருப்பேன்னு அவரு நெனைக்காரு. வள்ளத்துல என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு. நான் சிரிச்சா ஏம்லே சிரிக்கங்காரு. சும்மா இருந்தா எதை மனசுல வச்சிருக்கங்காரு. போன மாசம் ஒருநாள் பை நெறஞ்சு, ரெண்டு தடவ டியூப இழுத்துக் காட்டுதேன், மேலருந்து பதில் இல்ல. காத்து கொறைஞ்ச மாதிரி இருக்கு. மூணாவது இழுத்த பெறகுதான் தூக்குனாரு. என்ன மச்சான்னு கேட்டா, எங்கயோ நெனப்பா இருந்துட்டேன்ங்காரு.”

“எங்கண்ணன் ஒங்கள விட்ருவானா?”

“விடமாட்டாரு. மேல இருக்கும்போது அது எனக்குத் தெரியுது. கீழ போனதும் தெரியமாட்டேங்கு.”

விஜிலா அவன் எதிரே உட்கார்ந்தாள்.

“நான் ஒண்ணுமே ஒங்ககிட்டச் சொல்லலியே. சொல்லியிருக்கனா?”

“இல்ல.”

“அதை அவன்ட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“சொல்லலன்னு நான் சொன்னா எவன் நம்புவான்? ஆஸ்பத்திரில ஒருத்தி ஒக்காந்து கேக்கா. வெளிய சொல்லமாட்டான்னு ஊரு நம்புது. அவளுக்கு ஒரு நம்பர் குடுத்துருக்காங்க. வாயத் தொறந்தா அந்த நம்பரப் புடுங்கிருவாங்க. ஒனக்குப் புடுங்க என்ன இருக்கு? ஒனக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன்.”

பாடப் புத்தகத்தில் இதைத் தொழில் நெறி என்று நாலு பக்கம் எழுதியிருந்தார்கள். விஜிலா அதை மனப்பாடம் செய்து, பரீட்சையிலும் எழுதி, மார்க்கும் வாங்கியிருந்தாள். உறவுக்காரர்களை எடுத்துக்கொள்ளாதே என்பது அதில் முதல் வரி. அனுஜா முதல் தடவை வந்து வாசலில் நின்றபோது அந்த வரி அவளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் இந்தக் கரையில் பிறந்தவளுக்கு அது விளங்காத வரி. ஆபத்தில் இருக்கிறவளின் கயிற்றைச் சொந்தக்காரி பிடிக்காமல் வேறு யார் பிடிப்பது என்றுதான் அன்றைக்கு நினைத்தாள்.

“நாளைக்கே ஆபீசர்ட்டப் போறேன்,” என்றான் டெரன்ஸ். “நான்தான் சொன்னேன், பொய் சொன்னேன்னு சொல்லிருதேன்.”

போனான். வெள்ளிக்கிழமை காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு போய், கை கட்டி நின்று சொல்லிவிட்டு வந்தான். “வேற யாரும் வந்து ஒண்ணும் சொல்லலன்னா, இதோட முடிச்சிருவேன்னுட்டாரு,” என்று வந்து சொன்னபோது அவன் முகத்தில் உயிர் வந்திருந்தது. விஜிலா இன்டர்வியூவுக்குக் கட்ட வேண்டிய சேலையை எடுத்து நீவி வைத்தாள்.

அன்று சாயங்காலமே ஃபிராங்க்ளின் வந்தான். பின்னால் அனுஜா. அவள் உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வாங்கண்ணே. உள்ள வாங்க மதினி.”

“அவ நிக்கட்டும்,” என்றான் ஃபிராங்க்ளின். விஜிலா நீட்டிய டீயை வாங்கவில்லை. “நான் ஒண்ணு கேக்க வந்தேன். இவ ஒன்ட்ட என்னத்தச் சொல்லி அழுதா?”

“அவங்கள்ட்டயே கேளுங்க.”

“கேக்காமலா வந்துருக்கேன்? மூணு நாளாக் கேக்கேன். ஒண்ணுமில்லங்கா. ஒண்ணுமில்லாததுக்கா வாரம் ரெண்டு தடவ ஃபேனைப் போட்டுட்டு அழுதா?”

“அவங்க சொல்லலன்னா நானும் சொல்ல முடியாதுண்ணே.”

“ஏன் சொல்ல முடியாது? ஒரே வயித்துலதான பெறந்தோம்? நீ என்ன டாக்டரா? தபால்ல படிச்சவதான?”

“மச்சான்,” என்று டெரன்ஸ் எழுந்தான். “இவ என்ட்டயும் ஒண்ணுஞ் சொல்லல. சத்தியமா.”

ஃபிராங்க்ளின் சிரித்தான். “ஒண்ணும் தெரியாத ஆளு! மாப்ள, வள்ளத்துல ஒன் மொகரயத் தெனமும் பாக்குறவன் நான். ஏதோ தெரிஞ்சிக்கிட்டுத்தான் நீ என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்க.”

“நீரு பாக்கறதாலதான் நான் பாக்கல!”

“ஏலே, கத்தாத.”

“ரெண்டு பேரும் கத்தாதீங்க,” என்றாள் விஜிலா.

ஃபிராங்க்ளின் அவள் பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்தினான்; அது இன்னும் பயமாக இருந்தது.

“இங்க பாருளா. அந்த ஆபீசர் என்னத்துக்கு வந்துட்டுப் போறாருன்னு தெரு பூராத் தெரியும். ஒருத்தர் போய்ச் சொன்னா ஒன் சீட்டு போயிரும்னும் தெரியும். இப்பம் நீ சொல்லு. இல்லன்னா நாளைக்கு நான் போயி, எம் பொண்டாட்டிய இவ வைத்தியம் பாத்தா, வீட்டக் கெடுத்தான்னு எழுதிக் குடுத்துருவேன்.”

விஜிலா நிலைப்படியைப் பார்த்தாள். அனுஜா இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை அசைத்தாளா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு மெல்ல, ஒரு தடவை, வேண்டாம் என்று அசைத்தாள்.

ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிடலாம். தூக்கம் வரவில்லை என்றாள், கெட்ட கனவு என்றாள், அம்மாவை நினைத்து அழுதாள். ஃபிராங்க்ளின் அதை நம்பக்கூட நம்பலாம். ஆனால் வீட்டுக்குப் போனதும் அந்தப் பொய்யை வைத்து அனுஜாவைக் குடைவான். அவளுக்கு அது என்ன பொய்யென்றே தெரியாது. மாட்டிக்கொள்வாள். திங்கட்கிழமை இன்டர்வியூவில் நாற்காலி போட்டு உட்காரும்போது விஜிலாவிடம் கேட்கப்போகும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்: ரகசியம் காப்பீர்களா?

“ஆபீஸ் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான்,” என்றாள். “நேரத்தோட போங்கண்ணே.”

ஃபிராங்க்ளினுக்கு அது ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது முகம் கறுத்தது. “போகமாட்டேன்னு நெனச்சிக்கிட்டுப் பேசுத.”

“போவீங்கன்னு தெரியும்.”

“விஜி!” என்றான் டெரன்ஸ். “ஏதாவது சொல்லித் தொலையேன்!”

அவள் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

ஃபிராங்க்ளின் போய் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவன் வரவில்லை. அன்று பகலில் வன்னியபெருமாள் போன் செய்தார். லீவு நாளில் தன் சொந்தப் போனிலிருந்து பேசினார்.

“நாளைக்கு நீங்க போகவேண்டாம்மா. நேத்து சாயங்காலமே கமிட்டியில பேசிட்டாங்க. லைசென்ஸ் இல்லாதது கூட அவங்களுக்குப் பெரிசாப் படல. தெருவுக்குள்ள அறியாம செஞ்சதுன்னு விட்டிருப்பாங்க. சொந்த அண்ணன் சம்சாரத்தைப் பாத்திருக்கீங்களே, அதைத்தான் ஏத்துக்கல. எம்.எஸ்ஸி. படிச்சவங்களுக்கு அது கூடவா தெரியாதுன்னு கேட்டாங்க.”

“தெரியும் சார். எங்க பக்கத்துல சொந்தக்காரங்கதான் சார் கயிறு பிடிப்பாங்க.”

“என்ன கயிறு?”

“ஒண்ணுமில்ல சார்.”

“அடுத்த வருஷம் எழுதுங்க. நடுவுல யாரையும் பாத்துராதீங்க. உங்க அண்ணன் வந்தாரு பாருங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் பேனாவக் கீழ வைக்காமலே நின்னாரு. ‘எந்தங்கச்சி வாயத் தொறந்திருந்தா நான் இங்க வந்திருக்கவே வேண்டாம் சார்’னாரு. எனக்கு ஒண்ணும் விளங்கல.”

திங்கட்கிழமை விடியும்போது காற்று விழுந்திருந்தது. கடல் தெளிந்துவிட்டதாகக் கரையில் பேச்சு வந்தது. டெரன்ஸ் புறப்பட்டபோது விஜிலாவும் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். நீவி வைத்த சேலையைக் கட்டவில்லை. அனுஜாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். பஸ்ஸில் அனுஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

“அங்க என்னைய யாருக்கும் தெரியாதே, விஜி.”

“அதுக்குத்தான் மதினி.”

“நீ உள்ள வருவியா?”

“வாசல்ல நிப்பேன்.”

“ஒங்கண்ணன் கேட்டாவ, எங்க போறேன்னு. ஆஸ்பத்திரிக்குன்னேன். ஒண்ணுஞ் சொல்லல. பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் குடுத்தாவ.”

விஜிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. எதிர்த் திசையில் திருநெல்வேலி பஸ் ஒன்று போயிற்று.

கடலில் வள்ளம் நங்கூரம் போட்டு நின்றது. கம்ப்ரசர் தடதடக்க ஆரம்பித்ததும் டெரன்ஸ் ஈயப் பட்டியைக் கட்டிக்கொண்டான். ஃபிராங்க்ளின் டியூபைச் சுருள் சுருளாகப் பிரித்து, எங்கும் மடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். வழக்கத்தை விட மெதுவாகப் பார்த்தான்.

“மாப்ள.”

“என்ன?”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இப்பம் நம்புதேன். தெரிஞ்சிருந்தா, அவ சீட்டு போவட்டும்னு சும்மா நின்னுருக்க மாட்டே. அன்னைக்கே கக்கியிருப்பே. நீ ஓட்ட வாயன்லா.”

டெரன்ஸ் வெகு நாட்களுக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தான். கடலுக்கு வந்த நாள் முதலாக அறிந்த முகம். அந்தக் கையை நம்பலாம். இன்றைக்கு, கீழே போன பிறகும் நம்பலாம். டியூபைப் பல்லில் கடித்துக்கொண்டு மல்லாக்காகத் தண்ணீரில் சரிந்தான்.

காற்று சீராக வந்தது. டியூப் ஓரிடத்திலும் இழுக்கவில்லை, தொய்யவில்லை. தரை தெளிவாகத் தெரிந்தது. பாசிக்கு நடுவில் முதல் சங்கு கிடந்தது, பெரிய சங்கு. குனிந்து கையை நீட்டினான்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இத்தனை மாதத்தில் ஒருநாளும் வராத எண்ணம். இவ்வளவு நாளும் மச்சான் என்ன நினைக்கிறார் என்ற பயத்திலேயே இருந்துவிட்டான். அனுஜா என்ன சொன்னாள் என்று அவனுக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. மூணு தடவை உயிரைக் கொடுத்து எழுதிக் கைக்கு எட்டிய சீட்டையே போகட்டும் என்று விட்டாளே விஜிலா. அப்படி விடுகிற அளவுக்கு அது என்ன? யாரைப் பற்றியது?

கை நீண்டபடியே நின்றது. சங்கு மெல்ல ஊர்ந்து பாசிக்குள் போயிற்று. டெரன்ஸ் தலையைத் தூக்கிப் பார்த்தான். மேலே, வெளிச்சத்தில், வள்ளத்தின் அடிப்பாகம் கறுப்பாக நிழலாடியது. அதில் டியூபைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரும் இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பார். அதில் மட்டும் அவனுக்குச் சந்தேகம் இல்லை.